கேளாமல் கைமாறியவர்

2011-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி காலையில் எட்வின் ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற பேஸ்பால் கிளப்பின் ஆட்டக்காரராக இருந்தார். அன்றைய தினமே கனடாவிலுள்ள டொராண்டோ புளூ ஜேஸ் கிளப், வேறு இருவரை சிகாகோவுக்குக் கொடுத்து அவரைப் பெற்றுக்கொண்டது. பெற்ற சூடு ஆறுமுன்பே, அவரை இன்னும் சிலரோடு சேர்த்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்புக்குக் கொடுத்து, தனக்கு வேண்டியிருந்த கால்பி ராஸ்மஸ் என்ற இளைஞரை வாங்கிக்கொண்டது. டொராண்டோவின் சட்டையை ஜாக்சன் அன்று அணியவே இல்லை. அணிவதற்கு நேரமும் இல்லை. ஒரே நாளில் மூன்று கிளப்புகளுக்குப் பாத்தியப்பட்டிருந்த அந்த மனிதரை அழைத்து, இந்த ஏற்பாடு அவருக்குச் சம்மதந்தானா என்று கேட்கவேண்டிய கடமை மூன்றில் எந்தக் கிளப்புக்கும் இருக்கவில்லை.

பேஸ்பால் ஆட்டத்தின் நுட்பங்களில் நமக்குப் பரிச்சயம் குறைவுதான். அமெரிக்க சினிமாவில் பார்த்ததற்கு மேல் அதைப் பார்த்தவர்கள் நம்மில் சொற்பம். ஆனாலும், ஒருவன் தன் கைத்திறமையைக் கூலிக்குக் கொடுக்கும்போது தன்னையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறானா என்ற கேள்வி எந்தத் தேசத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு அமெரிக்கர்கள் நூறாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கும் பதில்களை, நீதிமன்றத் தீர்ப்புகளோடும் ஒப்பந்த விதிகளோடும் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது இந்த ஆட்டம் என்பதால் இதைப் பற்றி எழுதத் துணிகிறேன். அந்த விதிகளில் ஒன்று, ஊர் மாறாமல் இருக்கக் கொடுத்துவைத்தவனுக்குப் பாதுகாப்பு அளித்து, ஊர் ஊராக ஓட்டப்பட்டவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த விதி மாறவேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஜாக்சனின் பிரயாணத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த தகப்பனாருக்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரில் 1983 செப்டம்பர் 9-ஆம் தேதி பிறந்து, ஜார்ஜியா மாகாணத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்த அவரை, 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கிளப் இளைஞர் தேர்வின் ஆறாவது சுற்றில் எடுத்துக்கொண்டது. சரியாக இருபது வயது நிரம்பிய அன்று, அதாவது 2003 செப்டம்பர் 9-இல், மேஜர் லீக் என்னும் உச்சநிலை ஆட்டத்தில் அவர் முதன்முதலாகப் பந்தெறிந்தார். எதிரணிக்காக எறிந்தவர் அக்காலத்தில் எல்லோரும் நடுங்கிய ராண்டி ஜான்சன். அந்த ஆட்டத்தில் ஜாக்சனே ஜெயித்தார். பிறந்தநாளில் மகாரதன் ஒருவனை வென்ற பையனுக்கு, நாட்டின் பத்திரிகைகள் எப்படிப்பட்ட ஜாதகத்தைக் கணித்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஜாதகம் பலிக்கவில்லை. 2006 தொடக்கத்தில் டாட்ஜர்ஸ் அவரை டாம்பா பே கிளப்புக்குக் கொடுத்தது. 2008 டிசம்பரில் டாம்பா பே டெட்ராய்ட்டுக்கு. 2009 டிசம்பரில் டெட்ராய்ட் அரிசோனாவுக்கு. 2010 ஜூலையில் அரிசோனா சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு. 2011 ஜூலையில், மேலே சொன்னபடி, ஒரே நாளில் இரண்டு முறை. ஆறு ஆண்டுகளுக்குள் ஆறு கைமாற்றங்கள். அதன்பின் வாஷிங்டன், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், மறுபடியும் வாஷிங்டன், ஓக்லண்ட் என்று நீண்டு, 2019 மே மாதத்தில் டொராண்டோ அவரை ஓக்லண்டிடமிருந்து ரொக்கத்துக்கு வாங்கியபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன் சில மணி நேரம் தன்னை உடைமையாக வைத்திருந்த அந்தக் கிளப்பின் சட்டையை ஜாக்சன் கடைசியில் உண்மையாகவே போட்டுக்கொண்டார். அது அவருடைய பதினான்காவது கிளப். அதற்குமுன் எவரும் பதின்மூன்றுக்கு மேல் போனதில்லை. அந்தப் பதின்மூன்றுக்கு உரியவரான ஒக்தாவியோ டோட்டெல், 2011-இல் டொராண்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு ஜாக்சனோடு ஒரே கட்டில் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் என்பதை, விதியின் நகைச்சுவை என்று சொல்வதா, கிளப் நிர்வாகிகளின் வியாபார லாவகம் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. 2025-இல் ரிச் ஹில் என்ற நாற்பத்தைந்து வயதுக்காரர் கான்ஸாஸ் சிட்டிக்கு எறிந்து, ஜாக்சனின் பதினான்கைச் சமன் செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆட்டக்காரரைப் பற்றிப் பொதுஜன அபிப்பிராயம் என்ன? எந்த இடத்திலும் நிலைக்காதவர், எல்லோரும் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிட்டவர் என்பதே. புள்ளிவிவரமும் அதற்குத் துணை போவதுபோலத் தோன்றும். தம் வாழ்நாளில் அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றிகள் 107, தோல்விகள் 133. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 4.78 ஓட்டங்கள் கொடுத்தவர். 2013-இல் கப்ஸ் கிளப்புக்காக 8 வெற்றியும் 18 தோல்வியும் பெற்று, அந்த ஆண்டு நேஷனல் லீக்கில் தோல்விகளுக்கெல்லாம் தலைவராக நின்றார். இவற்றை நான் மறைக்கப் போவதில்லை. இவர் ஒரு மறைந்துபோன மேதை என்று வாதாடினால் அது பொய்வழக்காகிவிடும்.

ஆனால் அந்த அபிப்பிராயம் அந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனியாத அபிப்பிராயம். மேஜர் லீக்கில் முப்பது கிளப்புகள். ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டங்கள் ஆடியாகவேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிளப்பும் ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸுக்கு யாரையாவது கொண்டு பந்தெறிவித்துத் தீரவேண்டும். மழையோ வெயிலோ, தோள்வலியோ முழங்கைவலியோ, எந்தச் சாக்கும் அந்தக் கணக்கைக் குறைக்காது. பிட்சர் என்று அவ்வூரார் அழைக்கும் பந்தெறிபவனின் கை, மனித சரீரத்தின் சகல அவயவங்களிலும் மிக எளிதில் கெட்டுப்போவது. பிரக்யாதி பெற்ற எத்தனையோ பேர் பாதி ஆண்டு ஆஸ்பத்திரியிலும் பாதி ஆண்டு மைதானத்திலுமாகக் காலம் கழிக்கிறார்கள். இந்த நிலைமையில் ஜாக்சன் 2007 முதல் 2013 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு முப்பதுக்குக் குறையாத ஆட்டங்களைத் தொடங்கிவைத்தார். தம்முடைய முறை வந்த நாளில் வந்து நின்றார், வேகமாக எறிந்தார், மறுபடியும் ஐந்தாம் நாள் வந்து நின்றார். சிரத்தையோடு செய்யப்படும் சாதாரண வேலை என்பதன் விலை, அதைச் செய்வோர் இல்லாத நாளில்தான் நிர்வாகிகளுக்குத் தெரியும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி, பதினான்கு கிளப்புகள் அவரைத் தேடிப் பெற்றதே. பதினான்கு இடங்களில் தள்ளப்பட்டவர் என்று எண்ணுகிறவர்கள், அவர் பதினான்கு இடங்களில் விரும்பி அழைக்கப்பட்டார் என்பதையும் எண்ணவேண்டும்.

நடுத்தரமானவன் என்று நாம் முத்திரை குத்திவிடுகிறவனுக்கும் ஒரு நாள் உண்டு. ஜாக்சனுக்கு அந்த நாள் 2010 ஜூன் 25. அப்போது அவர் அரிசோனாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஆடிய இடம் ஃபுளோரிடாவிலுள்ள டாம்பா பேயின் மைதானம், அதாவது அவரை இரண்டாண்டுக்குமுன் விற்றுவிட்ட கிளப்பின் வீடு. தொடக்கம் அலங்கோலமாக இருந்தது. எதிரணியினர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் பந்தைப் போடமுடியாமல், முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு பேரை அவர் இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரைக்கூட ஆட்டமிழக்கச் செய்யாமலே மூன்று தளங்களும் நிரம்பிவிட்டன. வேறொரு நாளாக இருந்தால் மேனேஜர் நடந்துவந்து கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. அரிசோனாவுக்கு இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன்னால் ஒரே ஓர் ஓட்டம் கிடைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜாக்சன் எறிந்துகொண்டே போனார். ஆட்டம் வளர வளர, எதிரணியினர் ஒருவர்கூட இன்னும் பந்தைத் தக்கபடி அடித்துத் தளம் சேரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியவந்தது. ஓர் ஆட்டத்தில் நூறு பந்தை நெருங்கினாலே பந்தெறிபவனை வெளியே அழைத்துக்கொள்வது இக்காலத்து வழக்கமாயிருக்க, ஏ. ஜே. ஹின்ச் என்ற அந்த இளம் மேனேஜர் அன்று அவரை விட்டுவைத்தார். 149-ஆவது பந்தில் ஆட்டம் முடிந்தது. எட்டுப் பேரை இலவசமாக அனுப்பியும் ஒரு அடிகூடக் கொடுக்காமல் 1–0 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தை, அதன் அழகுக்காக யாரும் நினைவுகூர்வதில்லை. எனக்கு அதுவே அதன் அழகாகப் படுகிறது. குறையில்லாத கலைஞனின் குறையில்லாத இரவு என்றால் அதில் வியக்க என்ன இருக்கிறது? கை சொன்னபடி கேட்காத ஒருவன், ஒவ்வொரு பந்திலும் தன் பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டே, பெரும் கலைஞர்களில் பலருக்கும் வாய்க்காத ஒன்றைச் செய்துமுடித்தான்.

இது நடந்து சரியாக முப்பத்தைந்தாம் நாள், ஜூலை 30-ஆம் தேதி, அரிசோனா அவரை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் கிளப்புக்கு அந்த ஆண்டு தோல்விமேல் தோல்வி. சம்பளச் செலவைக் குறைத்து இளைஞர்களைச் சேர்க்கவேண்டியிருந்தது. அதில் வியாபார நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நியாயம் எவரைப் பற்றியதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த ஸ்தாபனத்தின் விதிகள் எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் சட்ட சரித்திரம் சொல்லவேண்டும், அது சுவாரசியமானதும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கக் கிளப்புகள், தம்மிடம் ஒருமுறை கையெழுத்திட்ட ஆட்டக்காரன், தாம் விடும் வரையில் வேறெங்கும் போகமுடியாது என்ற ஷரத்தை ஒப்பந்தங்களில் புகுத்திவிட்டன. கிளப் அவனை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், தள்ளிவிடலாம்; அவன் செய்யக்கூடியது ஒன்றுதான், ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போவது. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டங்கள் நிறைந்த அந்தத் தேசத்தில் இது எப்படி நின்றது என்று கேட்கலாம். 1922-இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாகாணங்களுக்கிடையிலான வர்த்தகம் அன்று என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் போன்ற பேரறிஞர். நாலு மாகாணங்களைத் தாண்டி ரயிலேறிப் போய்ப் பணம் வசூலிக்கும் ஒரு தொழில் எப்படி வர்த்தகம் ஆகாது என்பது சாமானிய புத்திக்கு எட்டாத விஷயம். பின்வந்த நீதிபதிகளுக்கும் அது எட்டவில்லை. ஆனாலும் 1953-இல் பழைய தீர்ப்பையே மறுபடி உறுதிசெய்தார்கள்.

அந்தக் கோட்டையை நெஞ்சுரத்தோடு எதிர்த்தவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய அந்தக் கறுப்பினத்து வீரரை, 1969 அக்டோபரில் அவருடைய கிளப் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டது. ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்த அவர், அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கி விற்கத் தாம் ஒரு சொத்தல்ல என்ற கருத்தைத் தெரிவித்தார். ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக மறுத்து, 1970 முழுதும் ஆடாமலே இருந்து, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். 1972-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன், சட்டத்தை ஆராயுமுன் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பெயர்களை நீண்ட பட்டியலாக எழுதித் தம் ரசிக மனத்தைக் காட்டிக்கொண்டார். ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கும் ஒருவருக்கு ஆட்டக்காரனின் பக்கம் தெரியாமற் போனது விசித்திரந்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1975 டிசம்பரில், பீட்டர் ஸைட்ஸ் என்ற மத்தியஸ்தர் வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் பிராதில், ஒப்பந்தம் முடிந்தபின் ஓராண்டுக்குமேல் கிளப்புக்குப் பாத்தியதை இல்லை என்று தீர்ப்புச் சொல்ல, அந்தக் கோட்டை ஒரே நாளில் இடிந்தது. இன்று ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவை முடித்தவன், தன் ஒப்பந்தம் முடிந்ததும் இஷ்டப்பட்ட கிளப்போடு பேரம் பேசலாம். ஃப்ளட்டுக்கு அதனால் ஒரு பயனும் கிட்டவில்லை. 1971-இல் வாஷிங்டனுக்காகப் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகியவர், 1997-இல் காலமானார்.

ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விடுதலை வந்தது. ஒப்பந்தத்துக்குள் இருப்பவனோ இன்னும் கைமாறும் சரக்குத்தான். இதற்குப் பொது விதிகளில் ஒரு விலக்கு உண்டு. ஃப்ளட்டின் வழக்கு எழுப்பிய புயலில், 1973-இல் ஆட்டக்காரர் சங்கமும் கிளப்புகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் வந்தது அது. மேஜர் லீக்கில் பத்து ஆண்டு சேவை முடித்து, அதில் கடைசி ஐந்து ஆண்டுகளை ஒரே கிளப்பில் கழித்த ஆட்டக்காரனை, அவன் சம்மதமின்றி இன்னொரு கிளப்புக்கு மாற்றக்கூடாது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிகாகோ கப்ஸின் ரான் சான்ட்டோ அந்த உரிமையைப் பயன்படுத்திக் கலிஃபோர்னியாவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லி, அதே நகரத்தின் ஒயிட் சாக்ஸுக்கு மட்டும் இசைந்தார். நல்ல விதி. ஆனால் யாருக்கு நல்லது? ஐந்து ஆண்டு ஒரே இடத்தில் இருக்கக் கிளப்பே அனுமதித்தவனுக்கு. கிளப் எவனை விற்க விரும்பவில்லையோ, அவனுக்கு விற்காதே என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது. எவனை ஆண்டுதோறும் விற்றுக்கொண்டே இருக்கிறார்களோ, அவனுக்கு அந்த உரிமை எத்தனை ஆண்டு ஆடினாலும் வருவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு விற்பனையும் அவனுடைய ஐந்தாண்டுக் கணக்கை முதலிலிருந்து எழுதவைத்துவிடுகிறது. பதினேழு பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடிய எட்வின் ஜாக்சனுக்கு அந்த உரிமை ஒரு நாளும் கிட்டவில்லை.

நம் ஊர் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும்தான் மாற்றல் உத்தரவு வருகிறது, அவரைக் கேட்டா அனுப்புகிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். சரிதான், ஆனால் தஞ்சாவூரிலிருந்து தர்மபுரிக்குப் போனாலும் அவருடைய எஜமானர் மாறுவதில்லை, சேவைக்காலம் அறுந்துபோவதில்லை, அவரைக் கொடுத்து வேறு இருவரையும் ரொக்கத்தையும் எந்த இலாகாவும் வாங்கிக்கொள்வதில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஆரன் ஃபின்ச் ஒன்பது அணிகளுக்கு ஆடினாரே என்றும் கேட்கலாம். அங்கே ஆட்டம் ஆண்டில் இரண்டு மாதம். ஏலத்துக்குத் தன் பெயரைக் கொடுப்பதும் கொடாததும் ஆட்டக்காரனின் இஷ்டம். ஏலத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம்மவர்கள், ஏலமே இல்லாமல் நடக்கும் இந்தக் கைமாற்றத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இதற்கு எதிர்க்கட்சியார் சொல்லும் வாதங்களில் பலமானது பணம். சிகாகோ கப்ஸ் கிளப் ஜாக்சனுக்கு நான்காண்டுக்கு ஐந்து கோடியே இருபது லட்சம் டாலர் கொடுக்க ஒப்பியது. அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் அவரை விடுவித்தபோதும், மிச்சத் தொகையைக் கொடுக்கும் பொறுப்பு அந்தக் கிளப்பையே சார்ந்தது. இப்படிப் பெற்ற ஒருவருக்காக யார் கண்ணீர் விடுவார்கள்? நான் கண்ணீர் விடச் சொல்லவில்லை. சம்பளம் வேலைக்கு ஈடு, சம்மதத்துக்கு ஈடாகாது. 90,000 டாலர் வாங்கிய ஃப்ளட்டிடமும் இதே கேள்வியைத்தான் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கேட்டன.

அதோடு, ஊர்சுற்றும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஜாக்சன்கள் அல்லர். மைக் ஹெஸ்மன் என்று ஒருவர். 1996-இல் அட்லாண்டா கிளப் அவரை எடுத்தது; கீழ்நிலை ஆட்டமான மைனர் லீக்கில் பத்தொன்பது பருவங்கள் பஸ்ஸிலேறி இறங்கி, 2015 ஆகஸ்டில் ஒஹாயோ மாகாணத்து டொலீடோ நகரில் தம்முடைய 433-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அமெரிக்க மைனர் லீக்குகளின் வரலாற்றில் அவ்வளவு அடித்தவர் எவருமில்லை. மேஜர் லீக்கில் அவருக்குக் கிடைத்தவை 109 ஆட்டங்கள். அவற்றில் 14 ஹோம் ரன்கள். இரண்டு நிலைகளுக்கும் இடையில் உள்ள தூரம் கைத்திறமையில் ஒரு நூல் அளவு. வருமானத்தில் கடல் அளவு. 1998-இல் ஃப்ளட்டின் பெயரால் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் வேலை விஷயத்தில் 1922-ஆம் ஆண்டின் விலக்கை நீக்கியது. மைனர் லீக்காரர்களைக் கவனமாக வெளியே விட்டுவிட்டது. 2022 வரையில் மைனர் லீக்கின் உச்சப்படியில் ஆடியவனுக்கே ஒரு பருவத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டாலர்தான். அந்த ஆண்டு அவர்களும் சங்கத்தில் சேர்ந்த பிறகு, 2023 உடன்படிக்கையில் அது 35,800 ஆயிற்று. சங்கம் சேர்ந்த ஓராண்டுக்குள் இரட்டிப்பாகக்கூடிய சம்பளம், அதற்கு முந்திய காலமெல்லாம் ஏன் அப்படி இருந்தது என்பதற்குக் கிளப் அதிபர்கள் ஒருபோதும் நேரான பதில் சொன்னதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு: சம்மதம் கேட்கவேண்டும் என்றால், ஏழைக் கிளப்புகள் தம் ஆட்டக்காரர்களை விற்று இளைஞர்களைச் சேர்த்துத் தலையெடுக்கவே முடியாது என்பது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முதலாண்டிலேயே எல்லோருக்கும் மறுக்கும் உரிமை கொடுத்தால் ஆட்டத்தின் சமநிலை குலையலாம். ஆனால் அனுபவசாலிகளைச் சம்மதம் கேட்பதால் வியாபாரம் நின்றுவிடும் என்பது பயமுறுத்தலே. கேட்டால் பெரும்பாலோர் சரி என்றே சொல்வார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் கிளப்பிலிருந்து ஜெயிக்கிற கிளப்புக்குப் போக யாருக்குத்தான் கசக்கும்? 2011 ஜூலையில் கேட்டிருந்தால் ஜாக்சனும் ஒப்பியிருக்கக்கூடும். அந்த மாற்றத்தால்தான் ஏறத்தாழ மூன்று மாதத்தில் செயின்ட் லூயிஸோடு உலகத்தொடர் என்னும் இறுதித் தொடரின் வெற்றியில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அந்தத் தொடரின் நான்காம் ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அதில் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையோ, பிரசவத்துக்கு நாள் பார்த்திருக்கும் மனைவியோ இருக்கிற ஒருவன் மட்டும், இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொல்லட்டுமே.

கைமாற்றம் எவ்வளவு அலட்சியமாக நடக்கக்கூடும் என்பதற்கு ஜோயல் யங்பிளட்டின் கதை போதும். 1982 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிற்பகல் அவர் நியூயார்க் மெட்ஸுக்காக சிகாகோவில் ஆடி, ஃபெர்கூஸன் ஜென்கின்ஸ் எறிந்த பந்தை அடித்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை மாண்ட்ரியாலுக்கு விற்றுவிட்டார்கள். விமானமேறி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அன்றிரவே மாண்ட்ரியாலுக்காக இறங்கி ஸ்டீவ் கார்ல்டனின் பந்தையும் அடித்தார். ஒரே நாளில், இரண்டு நகரங்களில், இரண்டு கிளப்புகளுக்காக, இரண்டு மகா வீரர்களின் பந்தை அடித்த ஒரே மனிதர் என்று இதை வேடிக்கைச் சாதனையாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். நானும் படித்தபோது சிரித்தேன். சிரித்த பிறகுதான் அந்த மனிதர் அன்று பிற்பகல் ஆட்டத்துக்குப் போகும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றிற்று.

ஜாக்சன் இதைப் பற்றி முறையிட்டுக்கொண்டு திரிந்தவரல்லர். எங்கே அனுப்பினார்களோ அங்கே போய், புதிய பூட்டறையில் புதிய முகங்களோடு பழகி, எறிந்தார். 2018-இல் ஓக்லண்டுக்காக எறிந்து, முப்பத்து நான்கு வயதில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.33 ஓட்டம் என்ற நல்ல கணக்கோடு அந்தக் கிளப் இறுதிச்சுற்றுகளுக்கு நுழையத் துணைபுரிந்தார். மறுஆண்டு டொராண்டோவிலும் டெட்ராய்ட்டிலும் கை ஓய்ந்துவிட்டது தெரிந்தது. ஆனாலும் 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்ஸில் தம் தேசத்துக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அவர் முறையிடவில்லை என்பது விதிக்கு நியாயம் ஆகாது.

மேஜர் லீக் கிளப்புகளும் ஆட்டக்காரர் சங்கமும் 2022 மார்ச்சில் செய்துகொண்ட உடன்படிக்கை, 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு காலாவதியாகிறது. சம்பள உச்சவரம்பு, தொலைக்காட்சி வருமானம் என்று பெரிய பெரிய விஷயங்களில் இரு தரப்பாரும் மல்லுக்கு நிற்பார்கள். பத்திரிகைகளும் அவற்றையே எழுதும். அந்த அமளியில் ஒரு சிறு ஷரத்தைச் சங்கத்தார் மறக்கலாகாது. பத்தாண்டு சேவை, ஒரே கிளப்பில் ஐந்தாண்டு என்ற இரட்டை நிபந்தனையை எடுத்துவிட்டு, எந்தக் கிளப்பில் கழித்திருந்தாலும் மொத்தம் ஐந்தாண்டு மேஜர் லீக் சேவை முடித்த எவரையும் அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்று எழுதவேண்டும். அதற்குக் கிளப் அதிபர்களுக்கு ஆகும் செலவு, ஒரு தொலைபேசி அழைப்பு.